டாவோஸ் காற்றின் பங்கு

சுவிற்சர்லாந்தில் தமிழருக்கு மூன்று கிரிக்கெட் சங்கங்கள் இருந்தன. மூன்றிலும் தலைவர் பதவி காலியாக இருக்கவில்லை. ஆகவே வரதராசா பேஸ்போலைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த விளையாட்டை அவர் அதுவரை கண்ணால் கண்டதில்லை. அதை ஒரு குறையாக யாரும் சொல்லவில்லை. ஒரு பேரவைக்கு வேண்டியவை மண்டபம், குத்துவிளக்கு, ஒலிவாங்கி, தலைவர். நான்கும் அவரிடம் இருந்தன. போதாததற்கு, சூரிச் நகரின் ஓர்லிகோன் பகுதியில் அவருடைய அரிசிக் களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு வெறுங்காணியும் கிடந்தது. முதல் வருடத்தில் சுவிஸ் தமிழர் பேஸ்போல் பேரவைக்கு யாப்பும் கொடியும் கீதமும் ஒழுக்காற்றுக் குழுவும் உண்டாயின. இரண்டாம் வருடத்தில் பந்து வாங்கினார்கள்.

அணிகள் மூன்று: ஓர்லிகோன், டீட்டிகோன், டாவோஸ். ஆள் போதாமையால் ஆண் பெண் பேதம் பார்க்கவில்லை. பின்னர் அதையே தன் முற்போக்குக் கொள்கை என்று பேரவை அறிவித்தது. பந்தை வேலிக்கு மேலால் வெளியே அடித்தால் அது ஹோம் றன். மற்ற விதிகள் விளங்கியவர்கள் குறைவு. ஹோம் றன் மட்டும் எல்லாருக்கும் விளங்கியது, பந்தைத் தேடிப் போகவேண்டி வந்ததால்.

மைதானங்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. டாவோஸ் மலைமேல் இருக்கிறது. அங்கே காற்று மெல்லிசு, பந்து கொஞ்சம் கூடத் தூரம் போகும். டீட்டிகோன் மைதானம் லிம்மாற் ஆற்றங்கரைப் பள்ளத்தில் அகலமாகக் கிடக்கிறது. அந்த ஈரக்காற்றில் பந்து பாதி வழியிலேயே மனம் மாறி விழுந்துவிடும். ஓர்லிகோனில் இடதுபக்கம் களஞ்சியத்தின் வேலி. மட்டையோடு நிற்பவருக்கு அது எவ்வளவு கிட்ட என்றால், தும்மினாலே பந்து அப்பால் போகும் என்று எதிரணிக்காரர் சொன்னார்கள். சொன்னவர்களை ஒழுக்காற்றுக் குழு கூப்பிட்டு விசாரித்தது.

அந்த வருடம் முதல்முறையாக "ஆண்டின் அதிபெறுமதி வீரர்" என்று ஒரு விருது கொடுப்பதாகத் தீர்மானம் ஆயிற்று. டாவோஸ் அணியின் மிஷெல் பதினாறு ஹோம் றன் அடித்திருந்தாள். டாவோஸில் எட்டு, டீட்டிகோனில் ஆறு, ஓர்லிகோனில் இரண்டு. ஓர்லிகோன் அணியின் பானுஜன் பதினொன்று அடித்திருந்தான். பதினொன்றும் ஓர்லிகோனில். பானுஜன் தலைவருடைய மகன்.

எண்ணத் தெரிந்த எவருக்கும் இதில் ஒரு சிக்கலும் தெரியாது. பேரவைக்குத் தெரிந்தது.

தலைவர் வரதராசா, செயலாளர் ஞானேஸ்வரி, தொழில்நுட்பப் பொறுப்பாளர் கிஷோபன் ஆகியோர் கொண்ட நடுவர் குழு ஒன்று பிறந்தது. யாப்பின்படி அதில் "நடுநிலை உறுப்பினர்" ஒருவரும் இருக்கவேண்டும். அதற்குத்தான் கிளமென்றைக் கூப்பிட்டார்கள்.

கிளமென்ற் டீட்டிகோனில் ஒரு பெரிய பொருள் களஞ்சியத்தில், பெட்டி தூக்கும் ஸ்டாப்லர் வண்டி ஓட்டுபவர். மன்னார்ப் பக்கம். எந்தச் சங்கத்திலும் இல்லை. தேவாலயத்தில்கூடக் கடைசி வாங்கில்தான் உட்காருவார். அவர் மிஷெலின் அப்பா.

"அண்ணை, அவள் என்ர மகளெல்லோ. நான் எப்பிடி நடுநிலை?" என்று ரெலிபோனில் கேட்டார்.

"அதாலதான் உம்மைக் கேக்கிறன்," என்றார் வரதராசா. "பிள்ளை விளையாடாத ஆள் நடுநிலையா நிக்கிறதில என்ன பெருமை? ஒரு அப்பன் நிண்டால்தான் அது நடுநிலை. அதோட, உமக்கு இந்த விளையாட்டில ஒண்டும் விளங்காது எண்டு எல்லாருக்கும் தெரியும்."

"ஓம், அது சரி. அப்ப உங்கட மகனும்..."

"நான் தலைவர். பேரவையில விளையாடிற பிள்ளையள் எல்லாருக்கும் நான்தான் அப்பன். எனக்கெண்டு தனிய ஒரு மகன் யாப்பின்படி இல்லை."

கிளமென்ற் அதை யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்கச் சரியாகத்தான் இருந்தது. முப்பது வருடமாக இந்த நாட்டில் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அலுமாரியில் இருந்த கோட்டை எடுத்து மினுக்கத் தொடங்கினார்.

மனைவி மரியகொறற்றி கதவடியில் நின்று பார்த்தாள். "இஞ்சருங்கோ, கலியாண வீட்டுக்கே போறியள்?"

"நடுவர் குழு. மரியாதையாப் போகவேணும்."

"உங்களை அங்க கூப்பிட்டது மரியாதை தரவோ? பிள்ளைக்கு எதிரா என்னவோ செய்யப்போயினம். அதுக்கு உங்கட தலை வேணும்."

"உமக்கு எதிலயும் சந்தேகம்."

மிஷெல் அன்றைக்கே அழைத்தாள். அவள் டாவோஸில் ஒரு ஹொட்டலில் சமையற்காரி. அங்கேயே வேலைக்காரருக்கான அறையில் இருப்பவள். பின்னால் தட்டுகள் விழுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, எனக்குக் கப் வேண்டாம். நீங்கள் அண்டைக்கு டீட்டிகோனில மட்ச் பாக்க வந்தனீங்கள்தானே? நான் அடிச்ச பந்து அந்தப் பெரிய மரங்களுக்கு மேலால போனதைக் கண்டனீங்கள்தானே?"

"கண்டனான் பிள்ளை."

"அதை மட்டும் அங்க சொல்லுங்கோ, காணும். மலைக் காத்தாலதான் நான் அடிக்கிறன் எண்டு எல்லாரும் கதைக்கினம். டீட்டிகோனில என்ன காத்து?"

"இதென்ன பெரிய வேலையே? சொல்லுறன்."

முதற்கூட்டத்தில் கிஷோபன் "மைதானக் காரணி" என்ற ஒன்றை அறிமுகம் செய்தான். அவன் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை. எதைக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் அதில் எதைக் கழிக்கலாம் என்று பார்ப்பது அவன் படித்த படிப்பு.

"அமெரிக்காவில இதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம். மலையில இருக்கிற மைதானத்தில அடிச்சதை அவையள் அப்பிடியே எடுக்கிறேல்லை. ஊர் எவ்வளவு உதவி செய்தது எண்டு பாத்துத்தான் ஆளை மதிப்பினம்."

"எல்லா மைதானத்துக்கும் அப்பிடிப் பாப்பினமோ தம்பி?" என்று கிளமென்ற் கேட்டார்.

"ஓம் அங்கிள், அங்க எல்லாத்துக்கும். நாங்கள் படிப்படியாச் செய்வம். முதல்ல டாவோஸ்."

அடுத்த ஞாயிறு குழு முழுவதும் ரெயின் ஏறி டாவோஸ் போயிற்று. கருவி எதுவும் கொண்டுபோகவில்லை. ஆனால் ஞானேஸ்வரி அக்காவின் பையில் தலைவருடைய கடை முறுக்குப் பை ஒன்று இருந்தது. ரெயின் ஏற ஏற அது ஊதத் தொடங்கியது. டாவோஸில் இறங்கியபோது தலையணைபோல ஆகிவிட்டது. கிஷோபனுடைய முகம் மலர்ந்தது.

"அக்கா, உடைச்சுப் போடாதேங்கோ! இதுதான் ஆதாரம். வெளியில காத்து குறைஞ்சால்தான் பை இப்பிடி ஊதும்."

ஞானேஸ்வரி அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு மைதானம்வரை நடந்தாள். கிளமென்றுக்குப் பசித்தது. ஆதாரத்தைச் சாப்பிட முடியாது என்பதால் அதைப் பார்த்தபடி பின்னால் நடந்தார்.

மைதானத்தில் தலைவர் மட்டையைக் கையில் எடுத்தார். கிஷோபன் பந்தைப் போட்டான். மூன்று முறை மட்டை காற்றைத்தான் அடித்தது. நான்காம் முறை பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, நிலத்தில் விழுந்து, சரிவில் உருண்டு போய்க்கொண்டே இருந்தது.

"பாத்தியளே! நான் அடிச்சே இவ்வளவு தூரம் போகுது," என்றார் தலைவர். மூச்சு வாங்கியது. அதையும் காற்றின் கணக்கில் கிஷோபன் சேர்த்துக்கொண்டான்.

பிறகு தலைவர் எதிரே தெரிந்த ஹொட்டல்களைக் காட்டி ஒரு சிற்றுரை ஆற்றினார். "முந்தி எங்கட ஆக்கள் வந்து கோப்பை கழுவின இடம் இது. வேற ஒண்டுக்கும் லாயக்கில்லாதவையைத்தான் இஞ்சை ஏத்தி விட்டவை. அப்ப இந்தக் காத்து ஒருத்தரையும் தூக்கி விடேல்லையே. இப்ப பந்தை மட்டும் தூக்குதாம். நான் ஆரையும் குறைச்சுச் சொல்லேல்லை. கோப்பை கழுவினவையின்ர பிள்ளையள் விளையாடலாம், தாராளமா விளையாடலாம். ஆனால் அதிபெறுமதி எண்டிறது வேற."

இடதுகைப் பக்கம் மூன்றாவதாக நின்ற ஹொட்டலில் கிளமென்ற் இரண்டு குளிர்காலம் கோப்பை கழுவியிருக்கிறார். விரல் இடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் வந்த காலம். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல், நல்ல கட்டிடங்கள் என்று சொன்னார்.

அப்போதுதான் மிஷெல் ஓடி வந்தாள். வேலைக்கிடையில் வந்ததால் சமையலறை வெள்ளைச் சட்டையோடு வந்தாள். "அப்பா! சொல்லாமல் வந்திட்டியள்!" என்று கையை விரித்தாள்.

கிளமென்ற் தலைவரைப் பார்த்தார். தலைவர் கிளமென்றைப் பார்த்தார்.

"வணக்கம், வீராங்கனை," என்றார் கிளமென்ற்.

மிஷெல் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். சிரித்து முடிந்தும் அவர் அப்படியே கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி நின்றார். அவள் விரித்த கையை மடக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வேலை இருக்கு என்று போய்விட்டாள்.

"பாத்தியளே!" என்று தலைவர் கிளமென்றின் தோளைத் தட்டினார். "இது ஐரோப்பாவில ஒரு தமிழனிட்டயும் இல்லாத குணம்."

திரும்பி வருகிற ரெயினில் முறுக்குப் பை மெல்ல மெல்ல இளைத்தது. டாவோஸ் ஹோம் றன்களில் பாதி காற்றுக்குச் சொந்தம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எட்டில் நான்கு போயிற்று. மிச்சம் பன்னிரண்டு. பன்னிரண்டு பதினொன்றைவிடப் பெரியது என்பதில் குழுவுக்குள் ஒரு சங்கடம் நிலவியது.

"ஓர்லிகோனில அவ அடிச்ச ரெண்டு இருக்கு," என்றான் கிஷோபன். "அங்க வேலி கிட்ட. வெளியூர் ஆக்களுக்கு அது சலுகை. அதிலயும் பாதி கழிக்கவேணும்."

"பானுஜன் தம்பிக்கும் அதே வேலிதானே?" என்று கிளமென்ற் கேட்டார். கேட்டதும் தான் அப்பனாகக் கேட்டுவிட்டேனோ என்று பயந்தார்.

தலைவர் கோபிக்கவில்லை. "நல்ல கேள்வி. அந்த வேலி அவன் சின்னனில இருந்து பாத்து வளந்த வேலி. மற்றவைக்கு அது சலுகை, அவனுக்கு அது பழக்கம். பழக்கத்துக்கு எப்பிடிக் கழிக்கிறது?"

பதினொன்றுக்குப் பதினொன்று ஆயிற்று.

அடுத்த கிழமை குழு, மரியாதை நிமித்தம் என்று சொல்லி, டீட்டிகோனில் கிளமென்றின் வீட்டுக்கு வந்தது. மரியகொறற்றி கடலை வடையும் தேத்தண்ணியும் வைத்துவிட்டு, வந்தவர்கள் வாய் அசைவதை ஒரு சுங்கப் பரிசோதகர்போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை தூரத்தில. உங்களுக்கு வீடு வெறிச்செண்டு இருக்குமே," என்றாள் ஞானேஸ்வரி. குரலில் தேன் ஒழுகியது.

"எங்கையக்கா தூரம்?" என்றார் கிளமென்ற். அவருக்கு இது பிடித்த கதை. "டாவோஸில வேலைக்காரர் அறையில கிடக்கிறாள், அவ்வளவுதான். அவளுக்கு வீடு எண்டால் இதுதான். கெமைண்டேயில, ஊர்ச்சபைக் கந்தோரில, அவளின்ர வதிவிடப் பதிவு இன்னும் இஞ்சைதான். மாத்திறன் எண்டவள், நான் விடேல்லை. வாங்கோ, அறையைப் பாருங்கோ. கட்டில் விரிப்புக்கூட மாத்திப் புதுசு போட்டு வைச்சிருக்கிறன்."

அவர் அறைக்கதவைத் திறந்து மின்விளக்கைப் போட்டார். மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். கிஷோபன் கைபேசியில் ஒரு படம் எடுத்தான். தன் வீட்டை யாரோ மதித்துப் படம் எடுக்கிறார்கள் என்று கிளமென்ற் நினைத்தார். மரியகொறற்றி வடைத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இறுதிக் கூட்டம் களஞ்சியத்தின் மேல்மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நடந்தது. கிஷோபன் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினான். மிஷெலின் கட்டில், புது விரிப்பு, சன்னலில் ஒரு சின்ன மாதா சொரூபம்.

"ஒரு வீரரின்ர சொந்த ஊர் எது எண்டால், பதிவு எங்கயோ அதுதான். இந்த நாட்டுச் சட்டமும் அதுதான். அப்ப டீட்டிகோனும் அவவுக்குச் சொந்த மைதானம். சொந்த மைதானத்தில அடிச்ச ஆறில பாதி கழியும்."

"அவள் டாவோஸ் ரீம் எல்லோ..." என்றார் கிளமென்ற்.

"டாவோஸும் சொந்தம் அங்கிள். ரெண்டு இடத்திலயும் சொந்தம். எங்களில கனபேருக்கு ஒரு இடமும் சொந்தமில்லை. அவ குடுத்து வைச்சவ."

பதினொன்று எட்டாகிவிட்டது. கிளமென்ற் சுவரில் இருந்த கட்டிலைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். கோட்டுக்குள் வியர்த்திருந்தது.

"எனக்கு ஒரு விசயம் சொல்லவேணும். அந்த டீட்டிகோன் மட்ச் நான் பாத்தனான். அவள் அடிச்ச பந்து..."

"ஒரு நிமிசம்," என்று தலைவர் கையைக் காட்டினார். அன்பாகத்தான் காட்டினார். "நீர் இப்ப ஆர் கதைக்கிறீர்? அப்பனோ, நடுநிலை உறுப்பினரோ?"

"நான்தான் அண்ணை."

"அண்டைக்கு மட்ச் பாத்தது ஆர்?"

"அதுவும் நான்தான்."

"இல்லை. அண்டைக்கு நடுநிலை உறுப்பினர் நியமிக்கப்படவே இல்லை. அப்ப பாத்தது அப்பன். அப்பன் கண்டதை நடுநிலை உறுப்பினர் எப்பிடிச் சொல்லுறது? மற்றவன்ர கண்ணால கண்டதுக்குச் சாட்சி சொல்லுறமாதிரிப் போகும். உம்மட நல்ல பேருக்காகத்தான் சொல்லுறன். கிளமென்ற் எண்டால் நடுநிலை எண்டு இப்ப சூரிச் முழுக்கக் கதைக்கினம். அதை ஒரு பந்துக்காகக் கெடுக்கப்போறீரோ?"

சூரிச் முழுக்க. கிளமென்றுக்கு அந்தச் சொல் தொண்டைக்குள் இனிப்பாக இறங்கியது. கடைசி வாங்கில் இருந்து பழகிய ஒருவருக்கு அது எப்படி இறங்கும் என்பதை வரதராசா அளந்து வைத்திருந்தார். பேரவையில் சரியாக அளக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

"வாக்கெடுப்பு," என்றாள் ஞானேஸ்வரி. "பானுஜனுக்குச் சம்மதமான ஆக்கள் கையை உயர்த்துங்கோ. ஏகமனதா இருந்தால் வடிவா இருக்கும்."

ஞானேஸ்வரி உயர்த்தினாள். கிஷோபன் உயர்த்தினான். தலைவர், தான் வாக்களிப்பது அழகல்ல என்று கையை மடியில் வைத்துக்கொண்டு, கிளமென்றைப் பார்த்துச் சிரித்தார்.

கிளமென்றின் கை மேலே போயிற்று. அது தன் கைதானா என்று அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

விருது விழாவில் குத்துவிளக்கை ஏழு பேர் ஏற்றினார்கள். பேரவைக் கீதம் மூன்று சரணங்களும் பாடப்பட்டன. தலைவர் பேசினார்.

"பலர் கேக்கினம், தலைவரின்ர மகனுக்கே விருதோ எண்டு. நான் பெருமையோட சொல்லுறன், நான் என்ர மகனுக்கு வாக்குப் போடேல்லை! எனக்கு அந்தத் தேவையே வரேல்லை. அதைத் தோத்த பிள்ளையின்ர தகப்பன் போட்டவர். இதைவிட ஒரு நேர்மையான தேர்தல் உலகத்தில எங்க நடந்திருக்கு?"

சபை கைதட்டியது. பானுஜன் கிண்ணத்தை வாங்கினான். பிறகு, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஓர் இன்ப அதிர்ச்சி என்று அறிவித்து, கிளமென்றை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, "நடுநிலைச் செம்மல்" என்ற பட்டம் கொடுத்தார்கள். பானுஜனுடைய கிண்ணத்தைவிட அவருடைய கேடயம் பெரிதாக இருந்தது.

மேடையில் பானுஜன் அவர் பக்கம் சரிந்தான். "அங்கிள், சத்தியமா நான் கேக்கேல்லை," என்றான். அவனுக்கும் காது சிவந்திருந்தது.

கிளமென்ற் சபையைப் பார்த்தார். மரியகொறற்றியின் கதிரை காலி. பக்கத்தில் மிஷெல் இருந்தாள். எல்லாரையும் போல அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள், தெரியாத ஒருவரின் தகப்பனுக்குத் தட்டுவதுபோல, மரியாதையாக, கொஞ்ச நேரம்.

பட்டம் பெற்றவர் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்றார்கள். கிளமென்ற் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். நன்றி என்று ஒரு வார்த்தைதான் வந்தது. தன்னடக்கம் என்று சபை அதற்கும் தட்டியது.

அதற்கடுத்த சனிக்கிழமை மிஷெல் ஒரு சின்ன வானோடு வந்தாள். டாவோஸில் அவளுக்கு இரண்டறை வீடு ஒன்று கிடைத்திருந்தது. கெமைண்டேயில் டீட்டிகோன் பதிவை வெட்டிவிட்டு நேரே வந்திருந்தாள்.

"கோவமோ பிள்ளை?" என்று கிளமென்ற் கேட்டார்.

"கோவமில்லை அப்பா. விதிப்படி பாத்தால் இஞ்சை பதிவு இருந்தால் எனக்குத்தான் நட்டம். அடுத்த வருசம் டீட்டிகோன் எனக்கு வெளியூர். அடிக்கிறது முழுசா வரும்." அவள் உண்மையாகவே கோபமில்லாமல்தான் சொன்னாள். கட்டிலின் திருகாணிகளைக் கழற்றி ஒரு கோப்பைக்குள் போட்டாள். "அந்தப் பக்கம் பிடியுங்கோ."

மரியகொறற்றி மின்விசிறியையும் தலையணைகளையும் தானே வானில் கொண்டுபோய் வைத்தாள். கணவனோடு ஒரு சொல் பேசவில்லை. பேசாமலிருப்பதற்கு அவள் எந்த யாப்பையும் பார்க்கத் தேவையில்லை.

கட்டில் பலகையின் ஒரு நுனியை மிஷெலும் மறு நுனியைக் கிளமென்றும் தூக்கிக்கொண்டு படியால் இறங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பலகை சுவரோடு இறுகி நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. மூச்சு வாங்க இருவரும் அப்படியே நின்றார்கள்.

"நான் கண்டனான் பிள்ளை," என்றார் கிளமென்ற். "அந்தப் பந்தை. மரங்களுக்கு மேலால போய் ஆத்துப் பக்கம் விழுந்தது. நான் என்ர கண்ணால கண்டனான்."

"தெரியும் அப்பா."

"உமக்கு எப்பிடித் தெரியும்? நீர் அப்ப ஓடிக்கொண்டெல்லோ இருந்தனீர்."

"நான் பந்தைப் பாக்கேல்லை. அடிச்ச உடனை உங்களைத்தான் பாத்தனான்." அவள் பலகையைக் கொஞ்சம் சரித்து வழி பார்த்தாள். "அண்டைக்கு நீங்கள் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிண்டனீங்கள். சின்னப் பிள்ளையள்மாதிரி."

கிளமென்றுக்கு முகம் எரிந்தது. அதை மூடிக்கொள்ள வழியில்லை. இரண்டு கைகளிலும் கட்டில் பலகை இருந்தது.